கண்டதை மறைக்காத மருத்துவர்: டாக்டர் மகேந்திரலால் சர்க்கார்

நோயாளியின் நாடியைப் பிடித்திருக்கும் மருத்துவரின் கையில் அவரது உயிர் மட்டுமல்ல, அவரது நம்பிக்கையும் இருக்கிறது. எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதை நூல்கள் கற்பிக்கும். ஆனால் கொடுத்த மருந்து பயன் தரவில்லை என்று தெரிந்தால் அதை ஒப்புக்கொள்வதா, மறைப்பதா? இதுநாள் வரை தாம் கொண்டிருந்த கருத்து தவறு என்று தோன்றினால் அதைச் சபையில் கூறுவதா, பெயர் கெடாமல் மௌனம் காப்பதா? பொருள் வசதியற்றவரிடம் எவ்வளவு கட்டணம் பெறுவது? தீராத நோயுற்றவருக்கு மருத்துவரின் கடமை எதுவரை? இவற்றுக்கு மருந்து நூல்களில் விடை இல்லை. மருத்துவரின் உள்ளத்தில் விளங்கும் விவேகமே இவற்றுக்கு விடை கூற வேண்டும்.

அந்த விவேகம் எவ்வாறு பிறக்கிறது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை உணர்த்தும் வாழ்க்கை டாக்டர் மகேந்திரலால் சர்க்காருடையது. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்களுக்கு இப்பெயர் புதிதல்ல. பகவானின் இறுதி மாதங்களில் அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர். அவதாரக் கொள்கையை ஏற்காமல் அன்பர்களுடன் சளைக்காமல் வாதிட்டவர். எனினும் பகவானை விட்டுப் பிரிய மனமின்றி மணிக்கணக்கில் அவரருகே அமர்ந்திருந்தவர். இந்த அளவில் நாம் அவரை அறிவோம். ஆனால் பகவானின் அறைக்குள் அவர் நுழைவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே அவரது வாழ்வின் பெரிய சோதனை நிகழ்ந்துவிட்டது.

பெற்றோரை இழந்த சிறுவன்

மகேந்திரலால் 1833-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் வங்காளத்தில் ஹௌரா மாவட்டத்துப் பாயிக்பாரா கிராமத்தில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையையும் ஒன்பது வயதில் தாயையும் இழந்தார். கல்கத்தாவில் வாழ்ந்த தாய்மாமன்மார் அவரை வளர்த்தனர். கல்வி ஒன்றே அவருக்கு வாய்த்த செல்வம். ஹேர் பள்ளியில் பயின்று, உதவித்தொகை பெற்று, 1849-இல் இந்துக் கல்லூரியில் சேர்ந்தார். இயற்கையின் விதிகளை அறியும் ஆவல் அவரைக் கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கு இட்டுச் சென்றது.

அங்கே நடந்ததாகக் கூறப்படும் நிகழ்ச்சி ஒன்று அவரது இயல்பைக் காட்டுகிறது. இரண்டாம் ஆண்டு மாணவராக இருந்தபோது, உறவினர் ஒருவரின் கண் சிகிச்சைக்காகக் கல்லூரியின் கண் மருத்துவப் பிரிவுக்குச் சென்றிருந்தார். பேராசிரியர் இறுதியாண்டு மாணவர்களிடம் கண்ணின் அமைப்பைப் பற்றிக் கேள்வி கேட்டார். எவருக்கும் விடை தெரியவில்லை. பின்னால் நின்றிருந்த மகேந்திரலால் விடை கூறினார். வியப்புற்ற பேராசிரியர் மேலும் பல கேள்விகள் கேட்க, அனைத்துக்கும் தெளிவான பதில் வந்தது. பின்னர் ஒளியியலைப் பற்றிச் சக மாணவர்களுக்கே சொற்பொழிவாற்றும்படி ஆசிரியர்கள் அவரைப் பணித்தார்களாம்.

1860-இல் மருத்துவத் தேர்வில் சிறப்புடன் தேறினார். 1863-இல் எம்.டி. பட்டம் பெற்றார். கல்கத்தா பல்கலைக்கழகம் அப்பட்டத்தை வழங்கத் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது; அவருக்கு முன் அதைப் பெற்றவர் ஒருவரே. முப்பது வயதிலேயே நகரின் முன்னணி மருத்துவர்களுள் ஒருவராக அவர் உயர்ந்தார். செல்வந்தர்களின் வண்டிகள் அவர் வாசலில் காத்து நின்றன.

மதிப்புரைக்கு வந்த நூல்

அந்த 1863-ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் வங்காளக் கிளை தொடங்கப்பட்டது. மகேந்திரலால் அதன் செயலர்களுள் ஒருவரானார். பின்னர் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொடக்க விழாவில் அவர் ஆற்றிய உரையில் ஹோமியோபதியைப் போலி மருத்துவம் என்று கடுமையாகச் சாடினார். கூடியிருந்த மருத்துவர்கள் மகிழ்ந்தனர்.

அந்த உரையைப் படித்தவர்களுள் ராஜேந்திரலால் தத்தரும் ஒருவர். செல்வக் குடும்பத்தில் பிறந்த அவர் ஹோமியோபதியைக் கற்று மக்களுக்குத் தொண்டாகச் சிகிச்சை செய்து வந்தார். மகேந்திரலாலின் கருத்தை மாற்ற அவர் பலமுறை முயன்றும் பயனில்லை. இந்நிலையில் ஹோமியோபதியின் தத்துவத்தைப் பற்றிய ஆங்கில நூல் ஒன்று ஒரு பத்திரிகைக்காக மகேந்திரலாலிடம் மதிப்புரைக்கு வந்தது. அதைக் கிழித்தெறிவதுபோல் ஒரு கட்டுரை எழுதுவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் நூலைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழுந்தது. தாம் ஒருமுறையேனும் நேரில் காணாத ஒன்றைப் பற்றித் தீர்ப்பு வழங்கத் தமக்கு என்ன உரிமை?

தத்தரிடம் சென்றார். அவர் சிகிச்சை அளிக்கும் நோயாளிகளைத் தாம் அருகிலிருந்து கவனிக்க விரும்புவதாகக் கூறினார். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. நோயாளிகள் குணமடைவதைக் கண்டபோதும் உடனே நம்பிவிடவில்லை. மருந்து குணப்படுத்தியதா, அல்லது கட்டுப்பாடான உணவும் ஓய்வும் குணப்படுத்தினவா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. அதையும் ஆராய முயன்றார். முடிவில், தாம் இகழ்ந்து வந்த முறை புறக்கணிக்கத் தக்கதல்ல என்ற முடிவுக்கு வந்தார்.

1867 பிப்ரவரி 16

இப்போது அவர்முன் மூன்று வழிகள் இருந்தன. கண்டதை மறந்துவிட்டுப் பழைய புகழோடு வாழலாம். வெளியே பழைய முறையைப் பேசிக்கொண்டு, உள்ளுக்குள் தேவைப்பட்டபோது புதிய முறையைக் கையாளலாம். அல்லது கண்டதைச் சபையிலேயே கூறலாம்.

முதல் வழியில் பொய் இல்லை. மௌனம் மட்டுமே உண்டு. இரண்டாம் வழியில் நோயாளிக்கு நன்மை செய்கிறோம் என்ற ஆறுதலும் உண்டு. ஆகவே இவ்விரண்டும் நல்ல மனிதர்களையே அதிகம் கவர்கின்றன. மகேந்திரலால் மூன்றாம் வழியைத் தேர்ந்தெடுத்தார்.

1867-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள். வங்காளக் கிளையின் ஆண்டுக் கூட்டம். மருத்துவ அறிவியலின் நிச்சயமற்ற தன்மையைப் பற்றியும், நோய்களுக்கும் மருந்துகளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியும் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். நடைமுறையில் இருந்த சிகிச்சைகளின் குறைகளை எடுத்துக்காட்டினார். ஹோமியோபதியைப் பற்றித் தாம் முன்பு கூறியதைத் திரும்பப் பெற்றார். தாம் சொல்வதை நம்ப வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்றே கேட்டார்.

சபை கொந்தளித்தது. அவர் கூறியதில் எது சரி, எது தவறு என்ற விவாதம் நிகழவில்லை. இத்தகையவர் தங்கள் சங்கத்தில் இருக்கத் தகுமா என்பதே பேச்சாயிற்று. துணைத் தலைவராக உள்ளே நுழைந்தவர், சக மருத்துவர்களால் விலக்கப்பட்டவராக வெளியே வந்தார்.

செய்தி நகரெங்கும் பரவியது. டாக்டர் சர்க்காருக்கு ஏதோ நேர்ந்துவிட்டது, தாம் கற்ற மருத்துவத்தையே விட்டுவிட்டார் என்று மக்கள் பேசிக்கொண்டனர். வாசலில் நின்ற வண்டிகள் மறைந்தன. ஆறு மாதங்கள் வரை அவருக்கு ஏறக்குறைய நோயாளிகளே இல்லை. கருத்தை மாற்றிக்கொண்டால் மீண்டும் பழைய நிலைக்கு வரலாம் என்று அறிவுறுத்த நண்பர்கள் இருந்தனர். அவர் அசையவில்லை. 1868 ஜனவரியில் கல்கத்தா மருத்துவ இதழ் என்ற பொருள்படும் பெயரில் ஓர் ஆங்கில இதழைத் தொடங்கி, தம் கருத்துகளை வெளிப்படையாக எழுதினார். மெல்ல மெல்ல நோயாளிகள் திரும்பி வந்தனர். ஆனால் சக மருத்துவர்களின் மனம் எளிதில் மாறவில்லை. 1878-இல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில் அவர் உறுப்பினராக்கப்பட்டபோது, அவருடன் ஒன்றாக அமர மற்றவர்கள் மறுத்தனர்.

அவர் சரியா, தவறா?

இவ்விடத்தில் இன்றைய வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மகேந்திரலால் எடுத்த முடிவு மருத்துவ அறிவியலின்படி சரிதானா?

நம் நாட்டில் ஹோமியோபதி சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறைகளுள் ஒன்று. ஆயினும் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், எந்த நோய்க்கும் அது பயன் தருவதாக நம்பத்தக்க சான்று இல்லை என்று 2015-இல் அறிவித்தது. அப்படியானால் மகேந்திரலால் கண்டது என்ன? அவர் வாழ்ந்த காலத்தை நினைவில் கொள்ள வேண்டும். அன்றைய மேலை மருத்துவத்தில் இரத்தத்தை வடித்தல், கடும் பேதி மருந்து தருதல், பாதரச உப்புகளைக் கொடுத்தல் ஆகியவை சாதாரணம். நோயால் தளர்ந்த உடலை இவை மேலும் தளர்த்தின. ஹோமியோபதி மருத்துவரோ இவை எதையும் செய்யாமல், பத்தியத்தையும் ஓய்வையும் வற்புறுத்தினார். தீங்கு செய்யாத மருத்துவரின் நோயாளி பிழைத்தெழுந்ததில் வியப்பில்லை. அதை மகேந்திரலாலின் கண்கள் கண்டன. காரணம் மருந்தா, பத்தியமா என்று அவர் சரியான கேள்வியையே கேட்டார். ஆனால் அதற்கு உறுதியான விடை தரக்கூடிய ஆய்வு முறை அன்று இல்லை. நோயாளிகளை எவ்விதத் தேர்வுமின்றி இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் முறை, 1948-இல் வெளியான காசநோய் மருந்து ஆய்வுக்குப் பின்னரே நிலைபெற்றது.

ஆகவே அவர் கொண்ட முடிவை நாம் ஏற்காமல் இருக்கலாம். ஆனால் அவர் முடிவெடுத்த முறையில் குறை காண முடியாது. தாம் வெறுத்ததை நேரில் சென்று ஆராய்ந்தார். தம் விருப்பத்துக்கு மாறாக இருந்ததையும் மறைக்காமல் கூறினார். முன்பு சொன்னது தவறு என்று அதே சபையில் ஒப்புக்கொண்டார். அதற்கான விலையைத் தாமே செலுத்தினார். நோயாளிகளைச் செலுத்த வைக்கவில்லை. எதிர்த்தவர்களிடமும் ஓர் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் ஆராயவில்லை, விலக்கினார்கள். பின்னாளில் அவர்கள் பக்கம் அறிவியல் சாய்ந்தாலும், அன்று அந்தச் சபையில் அறிவியலின் பக்கம் நின்றவர் விலக்கப்பட்டவரே.

விவேகம் என்பது ஒருபோதும் தவறாமல் இருப்பதன்று. தவறு நேர்ந்தால் அது வெளிப்படுவதற்கான வாசலைத் திறந்து வைத்திருப்பதே விவேகம்.

நோயாளிக்கு அப்பால்

மருத்துவரின் கடமை மருந்துச் சீட்டோடு முடிந்துவிடுவதில்லை என்று அவர் கருதினார். பிரம்ம சமாஜத்தின் திருமணச் சட்டத்துக்காக, பெண்களின் திருமண வயது எதுவாக இருக்கலாம் என்று கேசவசந்திர சேனர் புகழ்பெற்ற மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டார். சிறுமிகளின் திருமணம் வழக்கமாக இருந்த காலம் அது. ஊரார் விரும்பும் விடையைக் கூறாமல், உடலியல் அறிவு காட்டிய வழியில் பதினாறு வயதாவது நிறைந்திருக்க வேண்டும் என்று மகேந்திரலால் எழுதினார். 1872-இல் நிறைவேறிய சட்டம் பதினான்கோடு நின்றுவிட்டது.

1888-இல் வங்காள மாகாண மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கியபோது அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் துயரம் அங்கே எடுத்துரைக்கப்பட்டது. தொழுநோயாளிகளைச் சமூகம் ஒதுக்கி வைத்த அந்நாளில், வைத்தியநாதம் எனப்படும் தேவ்கரில் 1892-இல் தம் மனைவி ராஜகுமாரியின் பெயரால் அவர்களுக்கு ஓர் இல்லம் அமைத்தார். தம் சங்கத்தாரால் ஒதுக்கப்பட்டவருக்கு, ஒதுக்கப்படுவதன் வலி தெரிந்திருந்தது போலும்.

பகவானின் சந்நிதியில்

1885-ஆம் ஆண்டு ஸ்ரீராமகிருஷ்ணரின் தொண்டையில் நோய் தோன்றியது. சிகிச்சையின் பொருட்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் அவரைக் கல்கத்தாவின் சியாம்புகூர் பகுதியில் ஒரு வீட்டில் தங்க வைத்தனர். கடுமையான மருந்துகளை அவரது மென்மையான உடல் தாங்காது என்பதால் ஹோமியோபதி சிகிச்சை அளிக்க அன்பர்கள் முடிவு செய்து, அத்துறையில் முதன்மை பெற்றிருந்த மகேந்திரலாலை அழைத்தனர். அவரது கட்டணம் அதிகம், நேரமோ அரிது.

பரிசோதித்துவிட்டுச் சென்ற மருத்துவர், சிகிச்சைச் செலவுகளை எளிய குடும்பத்தைச் சேர்ந்த அன்பர்களே பகிர்ந்து ஏற்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தார். அவர்களது குருபக்தி அவரது உள்ளத்தைத் தொட்டது. அதன்பின் அவர் கட்டணம் பெறவில்லை. அன்னை ஸ்ரீசாரதா தேவியார் அதே வீட்டில் ஒரு சிறிய இடத்தில் தங்கி, மருத்துவர் கூறியபடி பத்திய உணவு சமைத்தார். இளம் சீடர்கள் முறைவைத்து இரவு பகலாகப் பணிவிடை செய்தனர். மருத்துவரின் விவேகமும், அன்னையின் தவமும், சீடர்களின் சேவையும் அந்த வீட்டில் ஒன்று சேர்ந்தன.

தொண்டை நோயாளி பேசக் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. ஆனால் அவரே வந்து அமர்ந்தால் மணிகள் கடந்துவிடும். மற்றவர்களோடு பேச வேண்டாம், தம்மோடு மட்டும் பேசலாம் என்று அவர் விதிவிலக்கு அளித்துக்கொண்டதை எண்ணி அன்பர்கள் நகைத்ததுண்டு. தம் மருத்துவப் பணியையும் மறந்து அவர் அங்கே அமர்ந்திருப்பார். நரேந்திரர் பாடும்போது மெய்மறந்து கேட்பார். கண்டிப்பான அந்த மருத்துவரும் அன்பின் முன் சற்று வளைந்தார் என்பது, அவரும் நம்மைப் போன்ற மனிதரே என்று காட்டுகிறது.

துர்கா பூஜை நாட்களில் ஒருநாள் பகவான் ஆழ்ந்த சமாதியில் மூழ்கினார். மகேந்திரலால் கருவியை எடுத்து அவரது இதயத் துடிப்பைப் பரிசோதித்தார். உடனிருந்த மற்றொரு மருத்துவர் திறந்திருந்த கண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார், இமை அசையவில்லை. தாங்கள் கற்ற மருத்துவ நூல்களில் இந்நிலைக்கு விளக்கம் இல்லை என்பதை அவர்கள் மறைக்காமல் ஒப்புக்கொண்டனர்.

இங்கே 1867-ஆம் ஆண்டின் மகேந்திரலாலையே மீண்டும் காண்கிறோம். கண்டதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அதைக் கொண்டு அவதாரக் கொள்கையை ஏற்கவும் இல்லை. மனிதரின் பாதங்களில் அன்பர்கள் விழுந்து வணங்குவதை அவர் கடிந்துகொண்டார். கிரீஷ் சந்திர கோஷ் அவரோடு காரசாரமாக வாதிட்டார். பகவானோ அந்த வாதங்களைக் குழந்தையின் உற்சாகத்தோடு கேட்டு மகிழ்ந்தார். தம்மை ஏற்காத மருத்துவரிடம் அவருக்குச் சிறிதும் வருத்தமில்லை. மருத்துவரின் நேர்மையை அவர் அறிந்திருந்தார். மருத்துவச் சபை மாற்றுக் கருத்தைக் கண்டதும் கதவை அடைத்தது. பகவானின் சபையிலோ மாற்றுக் கருத்துக்கு ஆசனம் தரப்பட்டது.

நோய் புற்றுநோய் என்பது தெளிவாயிற்று. எக்ஸ் கதிர்களே கண்டுபிடிக்கப்படாத காலம் அது. அவை 1895-இல்தான் அறியப்பட்டன. அந்நோயைத் தீர்க்கும் வழி எந்த மருத்துவ முறையிலும் அன்று இல்லை. தீர்க்க முடியாத இடத்தில் மருத்துவர் என்ன செய்யலாம்? நகரத்தின் நெரிசலும் மாசுபட்ட காற்றும் நோயாளிக்கு ஆகாது என்று கருதி, திறந்தவெளியுள்ள இடத்துக்கு மாறும்படி மகேந்திரலால் அறிவுறுத்தினார். 1885 டிசம்பர் 11-ஆம் நாள் பகவான் காசிப்பூர் தோட்ட இல்லத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கே ராஜேந்திரலால் தத்தரும் வந்து சிகிச்சை அளித்தார். மகேந்திரலாலுக்கு அதில் எவ்விதப் பொறாமையும் இருக்கவில்லை. நோயாளி தமக்கு உரிமையானவர் என்று நினைக்கும் மருத்துவருக்கு இது எளிதன்று.

1886 ஆகஸ்டு 16-ஆம் நாள் மகேந்திரலால் காசிப்பூருக்கு வந்தார். பகவான் உடலை நீத்துவிட்டார் என்பதை உறுதி செய்தார். அவரது திருமேனியோடு அன்பர்கள் அனைவரும் இருக்கும் புகைப்படம் ஒன்றை எடுக்குமாறு கூறி, அதற்காகப் பத்து ரூபாய் அளித்துவிட்டுச் சென்றார். அன்று எடுக்கப்பட்ட புகைப்படங்களை இன்றும் நாம் வணங்குகிறோம். வணங்க மறுத்தவர் அளித்த காணிக்கையும் அவற்றில் கலந்திருக்கிறது.

நனவாகாத கனவு

ஒரு மருத்துவரின் கருத்தைச் சபை ஆராயாமல் ஒதுக்கியது ஏன்? ஆராயும் மனப்பான்மையே நாட்டில் வேரூன்றவில்லை என்று மகேந்திரலால் எண்ணினார். இந்தியர்கள் தாங்களே அறிவியல் ஆய்வு செய்வதற்கு ஒரு நிறுவனம் வேண்டும் என்று 1869-இல் தம் இதழில் எழுதினார். ஏழாண்டுகள் வீடு வீடாக நன்கொடை கேட்டார். சேவியர் கல்லூரியின் பாதிரியார் லாஃபோன் துணை நின்றார். 1876-இல் கல்கத்தா பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் பிறந்தது.

சொற்பொழிவுகள் நடந்தன, கருவிகள் வாங்கப்பட்டன. ஆனால் அவர் கனவு கண்டபடி முழுநேரமும் ஆய்வில் மூழ்கும் இளைஞர்கள் வரவில்லை. தம் முயற்சி தோற்றுவிட்டதாகவே முதுமையில் அவர் வருந்தினார். 1904 பிப்ரவரி 23-ஆம் நாள் அந்த வருத்தத்தோடேயே மறைந்தார்.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1907-இல், அரசாங்கக் கணக்குத் துறையில் பணிபுரிய வந்த பதினெட்டு வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் அந்தக் கழகத்தின் பெயர்ப் பலகையைக் கண்டு உள்ளே நுழைந்தார். மகேந்திரலாலின் மகன் அமிர்தலால் அவரை வரவேற்று ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டார். அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் அங்கே உழைத்த அந்த இளைஞர்தான் சர் சி.வி. ராமன். 1928-இல் அங்கேதான் ராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. விதைத்தவர் காணாமல் போன பயிர், காலத்தில் விளைந்தது.

இன்றைய மருத்துவர்களுக்கு

இன்றைய மருத்துவரின் தர்மசங்கடங்கள் வேறு. தேவையற்ற பரிசோதனையை எழுதித் தரும்படி நிர்வாகம் வற்புறுத்தலாம். நோயின் உண்மையை நோயாளியிடம் கூறாதீர்கள் என்று உறவினர் கெஞ்சலாம். செயற்கைச் சுவாசத்தால் மட்டுமே நீளும் உயிரைப் பற்றி முடிவெடுக்க நேரலாம். சக மருத்துவர் செய்த பிழை கண்ணில் படலாம். இரவுப் பணியில் களைத்து நிற்கும் இளம் மருத்துவரோ செவிலியரோ இவற்றைத் தனியாகச் சுமக்கும்போது மனம் உடைந்துபோவதும் உண்டு.

மகேந்திரலாலின் வாழ்க்கை அவர்களுக்கு மூன்று கேள்விகளைத் துணையாகத் தருகிறது. நான் நேரில் ஆராய்ந்த பின் பேசுகிறேனா, அல்லது என் கூட்டத்தாரின் விருப்பத்தைப் பேசுகிறேனா? இம்முடிவின் விலையை நான் செலுத்துகிறேனா, நோயாளி செலுத்துகிறாரா? நாளை என் கருத்து தவறு என்று தெரிந்தால் அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துணிவு இருக்குமா? இம்மூன்றையும் தன்னிடம் நேர்மையாகக் கேட்டுக்கொள்பவர் எடுக்கும் முடிவு சில சமயம் தவறலாம். ஆனால் அது ஒருபோதும் தாழ்ந்ததாக இராது.

மருத்துவர்களைச் சூழ்ந்திருப்போருக்கும் அவ்வாழ்க்கை ஒரு பாடம் கூறுகிறது. 1867-இல் அந்தச் சபை செய்த தவறு, மகேந்திரலாலோடு கருத்து மாறுபட்டதன்று. அவரது சொல்லை ஆராய மறுத்ததே. தவறை ஒப்புக்கொள்பவரைத் தண்டிக்கும் இடத்தில் தவறுகள் குறைவதில்லை, மறைகின்றன. இன்று மருத்துவ ஆராய்ச்சிகளுக்கு நெறிமுறைக் குழுக்கள் உள்ளன. மீளமுடியாத நிலையிலுள்ள நோயாளியின் செயற்கை உயிர்க்காப்பை நிறுத்துவது பற்றி உச்ச நீதிமன்றம் 2018-இல் அளித்த தீர்ப்பும், ஒரு மருத்துவர் தனியே முடிவெடுக்காமல் மருத்துவர் குழுக்கள் கூடி ஆராய வேண்டும் என்கிறது. இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் குழு கூடினால் மட்டும் போதாது. அங்கே இளையவர் கூறும் ஐயத்தை மூத்தவர் பொறுமையாகக் கேட்க வேண்டும். செவிலியரின் சொல்லுக்கும் மதிப்பு வேண்டும். சியாம்புகூரின் சிறிய அறையில், தம்மை மறுத்தவரையே அருகில் அமர்த்தி, புன்னகையோடு செவிமடுத்த பகவானின் உள்ளம் அந்தக் குழுக்களில் நிலவ வேண்டும்.

மருத்துவமனைக்குள் நுழையும் ஒவ்வொருவரிலும் இறைவனே நோயாளியாக வந்திருக்கிறான் என்பது நம் நெறி. அந்த இறைவனுக்குச் செய்யும் வழிபாட்டில் உண்மையே முதல் மலர். பகவானை அவதாரமாக ஏற்காத டாக்டர் சர்க்கார், அந்த மலரை இட்டுக்கொண்டேதான் வாழ்ந்தார். இன்று நோயாளிகளின் நடுவே பணியாற்றும் நம் சகோதர சகோதரிகளுக்கும், கண்டதைச் சொல்லும் துணிவையும், கேட்பதற்குத் தயங்காத பணிவையும் பகவான் அருள்வாராக.